சுரங்க ரயிலில் மூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் சுரங்க ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம். வீட்டுக்கு வந்து முகம் கழுவி மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். நானும் பல வருடங்கள் அதைத் தெருப்புழுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் தோள்பையின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த கறுப்புப் பொடியை வெள்ளைத் தாளில் தட்டினேன். ஒரு காந்தத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு அதன் மேலாகக் கொண்டுபோனேன். பொடி குத்திட்டு எழுந்து, மயிர் மயிராக உறையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுத் தூசி அப்படி எழுந்து வராது. அது இரும்பு. நான் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் செய்துவந்த தவறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என்னோடு பயணம் செய்கிறவர்களிடமும் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன்.

"மின்சார ரயில்தானே, புகை ஏது?"

முதல் தவறு இதுதான். லண்டனில் 1863-இல் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியபோது நீராவி இன்ஜின் இழுத்தது, புகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்று புகை இல்லை. ஆனால் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உரசுகிறது, பிரேக் கட்டைகள் தேய்கின்றன, மின்சாரம் எடுக்கும் பாகங்களும் தேய்கின்றன. தேய்ந்து உதிர்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகச் சுரங்கத்துக்குள்ளேயே தங்குகிறது. சாலையில் காற்றும் மழையும் கொஞ்சமாவது அள்ளிக்கொண்டு போகும். சுரங்கத்தில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு ரயிலும் புதிதாகக் கொஞ்சம் உதிர்த்து, பழையதையும் கிளப்பிவிட்டுப் போகிறது.

எவ்வளவு என்று கேட்டால், பிரிட்டனில் காற்று மாசின் மருத்துவ விளைவுகளை ஆராயும் அரசு ஆலோசனைக் குழு 2019-இல் ஓர் அறிக்கை தந்தது. லண்டனின் மிக ஆழமான நிலையமான ஹாம்ப்ஸ்டெட்டில் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான குறுக்களவுள்ள நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 492 மைக்ரோகிராம். ஒப்பிட எடுத்துக்கொண்ட சாலையோரக் காற்றில் 16. அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில் 71 நிலையங்களை அளந்து 2021-இல் வெளியான ஆய்வில், நியூயார்க்கின் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் நிலையத்தில் சராசரி 1,499. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வழிகாட்டு அளவு 24 மணி நேரச் சராசரிக்கு 15.

எண்ணைப் பார்த்து மிரள்வதும், எண்ணை ஒதுக்குவதும்

இந்த எண்களைக் கேட்டதும் மக்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒரு சாரார் 492-ஐ 15-ஆல் வகுத்து, "முப்பது மடங்கு விஷம்" என்று பதறுகிறார்கள். 15 என்பது நாள் முழுவதற்குமான சராசரி. நடைமேடையில் யாரும் 24 மணி நேரம் நிற்பதில்லை. அப்படி நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது சரியல்ல.

இன்னொரு சாரார், "கொஞ்ச நேரம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் வாழும் இடத்தில் காற்று 20 மைக்ரோகிராம் என்று வையுங்கள். சுரங்கத்தில் 300, போகவர அங்கே ஒரு மணி நேரம். 23 மணி நேரத்துக்கு 460, ஒரு மணி நேரத்துக்கு 300, மொத்தம் 760. அதை 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 32. வெறும் 20 ஆக இருந்திருக்க வேண்டிய நாள் சராசரி, ஒரு மணி நேரப் பயணத்தால் 32 ஆகிவிட்டது. அன்று மூச்சில் போன துகளில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு மணி நேரத்தில் போனது. வேலை நாள் எல்லாம் இதே கதை, வருடக்கணக்காக.

ஆகவே எவ்வளவு அடர்த்தி என்பதோடு எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பயணியின் கையில் இருப்பது பின்னால் சொன்ன இரண்டும்தான்.

"இரும்புதானே, உடம்புக்கு நல்லதுதானே?"

இதைப் பலர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டில் சேரும் இரும்புச்சத்து குடல் வழியாக, உடம்பு தேவைக்கேற்ப அளந்து எடுத்துக்கொள்வது. நுரையீரலில் விழும் இரும்புத் துகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே அது திசுக்களைத் தாக்கும் வேதிவினைகளைத் தூண்டக்கூடியது. கூடவே மாங்கனீஸ், குரோமியம், செம்பு, பேரியம் என்று பிரேக்கிலும் எஃகிலும் இருக்கும் மற்றவையும் வருகின்றன.

ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 2005-இல் நுரையீரல் செல்கள் மீது இரண்டு வகைத் துகளையும் போட்டுப் பார்த்தார்கள். சாலைத் துகளைவிடச் சுரங்க ரயில் துகள் மரபணுவைச் சேதப்படுத்துவதில் சுமார் 8 மடங்கும், செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைத் தாக்கும் வேதிவினைகள் கட்டுமீறுவது) உண்டாக்குவதில் சுமார் 4 மடங்கும் கடுமையாக இருந்தது. இது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்கள், மனித உடம்பு இல்லை. அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. அதே ஸ்டாக்ஹோமில் ரயில் ஓட்டுநர்களிடையே தேடிப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியிருக்கவில்லை. ஆனால் நடைமேடையில் வேலை பார்த்தவர்களின் இரத்தத்தில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் குறியீடுகள் மற்ற ஊழியர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. பிரிட்டன் குழுவும் பயணிகளுக்கு நேரடிப் பாதிப்பு நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆபத்து இருக்க வாய்ப்புண்டு, முடிந்த அளவு குறையுங்கள் என்றுதான் சொன்னது. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

இன்னும் சிறிய துகள்கள் வேறு இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் லண்டன் சுரங்கத் தூசியை ஆராய்ந்தபோது 5 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலான இரும்பு ஆக்சைடு துகள்கள்கூட இருந்தன. இரத்தத்துக்குள் கடந்துபோகக்கூடிய அளவு அது. அவற்றில் மாக்ஹமைட் என்ற வகை நிறைய இருந்தது. இரும்பு நெடுநாள் காற்றோடு கிடந்தால் உருவாகும் வகை அது. அதாவது துகள் வெளியேறாமல், காற்றோட்டம் போதாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நிற்கும் இடம்

ரயில் சுரங்கத்தில் வரும்போது, சைக்கிள் பம்பில் தண்டு காற்றைத் தள்ளுவதுபோல முன்னாலிருக்கும் காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு வரும். ரயில் வருவதற்கு முன்னால் முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றைப் பலர் "ஆஹா, காற்று வருகிறது" என்று அனுபவிப்பார்கள், நானும்தான். அது சுரங்கத்தின் தூசியைச் சுமந்து வரும் காற்று. ரயில் நுழையும் சுரங்க வாய் பக்கம்தான் அந்த வீச்சு அதிகம். ஆகவே அங்கே போய் நிற்காதீர்கள். நடைமேடையின் நடுப்பகுதியிலோ படிக்கட்டு இறங்கும் பக்கத்திலோ நில்லுங்கள்.

அதைவிட முக்கியம், நடைமேடையில் நேரத்தைக் கழிக்காமல் இருப்பது. நண்பருக்காகக் காத்திருப்பது, போனில் பேசி முடிப்பது, கூட்டம் குறையட்டும் என்று மூன்று ரயிலை விடுவது, இதையெல்லாம் மேலே டிக்கெட் கவுண்ட்டர் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

அப்புறம் ஓட்டம். கதவு மூடப்போகிறது என்று படியில் தடதடவென இறங்கி ஓடுகிறோம். ஓடும்போது உட்கார்ந்திருப்பதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், அதுவும் வாயால். மூக்கின் வடிகட்டலும் போச்சு. ரயில் வந்து நின்று தூசி கிளம்பியிருக்கும் அந்த நிமிடத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது இதற்கு எளிய மருந்து.

நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே முழு உயரக் கண்ணாடிக் கதவு வைத்திருக்கும் நிலையங்களில் நிலைமை நல்லதுதான். பார்சிலோனாவில் அப்படிக் கதவுள்ள புதிய பாதையில் துகள் அளவு பழைய பாதைகளைவிடத் தெளிவாகக் குறைவு. ஆனால் கதவு வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. சியோலில் எல்லா நிலையங்களிலும் கதவு வைத்த பிறகு நடைமேடைக் காற்று தேறியது. ரயில் பெட்டிக்குள் துகள் கூடியது. நடைமேடைக்கு வராத தூசி சுரங்கத்தில் அடைபட்டு, ரயிலுக்குள் போயிற்று. சுரங்கக் காற்றை வெளியே இழுக்கும் விசிறிகளும், பெட்டியின் ஏசியில் நல்ல வடிகட்டியும் சேர்ந்தால்தான் கதவால் முழுப் பயன்.

ஜன்னல்

பழைய ரயில்களில் ஜன்னல் திறக்கும். புழுக்கமாக இருக்கிறதென்று சுரங்கத்துக்குள் ஜன்னலைத் திறந்தால், சுரங்கக் காற்று நேராக உள்ளே வரும். ஆனால் எல்லாவற்றையும் எப்போதும் மூடியே வைப்பதும் சரியல்ல. கூட்ட நெரிசலில் சளி, காய்ச்சல் கிருமி பரவ அது வழி. ரயில் தரைக்கு மேலே ஓடும் பகுதியில் நன்றாகத் திறந்துவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்குமுன் மூடுவதே சரியான முறை.

மாஸ்க்

துணி மாஸ்க் இந்தத் துகளுக்குப் பெரிதாக உதவாது. மெல்லிய நீல நிற மருத்துவ மாஸ்க்கின் துணி ஓரளவு வடிகட்டும், ஆனால் கன்னத்தின் இரண்டு பக்கமும் இடைவெளி; காற்று சுலபமான வழியாகத்தான் போகும். என்95 வகை, முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் நன்றாக வேலை செய்யும். மூக்குக் கம்பியை அழுத்திப் பொருத்திவிட்டு வேகமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று பட்டால் பொருந்தவில்லை. அடர்ந்த தாடி இருந்தாலும் ஒட்டாது.

நான் தினமும் பார்க்கும் காட்சி ஒன்று. தெருவிலிருந்து ஒழுங்காக மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தவர், நடைமேடையில் போன் அடித்ததும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசுவார். ரயிலும் அப்போது வரும். போட வேண்டிய இடத்தில் கழற்றிவிட்டார். இருதய நோயோ கடுமையான நுரையீரல் நோயோ இருந்து, மாஸ்க் போட்டால் மூச்சுத் திணறுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தினசரித் தடுப்பு இன்ஹேலரை விடக் கூடாது. அவசர இன்ஹேலர் பையின் அடியில் கிடக்காமல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

செயலியையும் குட்டி சென்சாரையும் நம்புவது

போனில் "இன்று காற்று நன்று" என்று வருவது வெளியே வைத்த கருவியின் கணக்கு. கீழே இருக்கும் காற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கையடக்கச் சென்சார் வாங்கி நடைமேடையில் அளப்பவர்களும் இருக்கிறார்கள். அக்கறை நல்லதுதான், ஆனால் அது காட்டும் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அந்தக் கருவி துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்த்து, சாதாரணத் தூசியின் அடர்த்தியை வைத்து எடையை ஊகிக்கிறது. இரும்பு ஆக்சைடு தண்ணீரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு கனம், சாதாரணத் தூசியைவிட மிக அதிகம். போதாததற்கு, நானோமீட்டர் அளவுத் துகள் அந்த லேசருக்குத் தெரியவே தெரியாது. சரியான எண் வேண்டுமானால் வடிதாளில் துகளைப் பிடித்து எடை போட வேண்டும்.

பயந்து காருக்கு மாறுவது

இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் தவறு. நெரிசலில் நிற்கும் காருக்குள் முன்னால் நிற்கும் வண்டியின் புகை வந்துகொண்டேயிருக்கும். டீசல் புகையின் கரியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சுரங்கத்தைவிடச் சாலையில்தான் பிரச்சினை. ரயிலை விட்டு ஆயிரம் பேர் காரெடுத்தால், அந்தப் புகையை நடந்துபோகிறவரும் தெருவோரக் குழந்தையும் சேர்த்துச் சுவாசிப்பார்கள். ரயிலில் போவதற்கு நடக்கும் நடையும் உடம்புக்கு நல்லது. ரயிலிலேயே போங்கள். கீழே நிற்கும் நேரத்தைச் சுருக்குங்கள். முடிந்தால் ஒன்றிரண்டு நிலையம் முன்பே இறங்கி நடக்கலாம், தரைக்கு மேல் ஓடும் பாதை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

"வரம்புக்குள்தான் இருக்கிறது" என்றால் சரி என்று வந்துவிடுவது

துகள் உருவாவதையும் தங்குவதையும் குறைக்க வழிகள் உண்டு. மோட்டாரை வைத்தே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பப் பெறும் பிரேக் முறையில் கட்டைகள் உரசுவது குறைகிறது. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் சரியாகப் பராமரித்தால் தேய்மானம் குறையும். இரவில் சுரங்கத்தை உறிஞ்சியும் கழுவியும் சுத்தம் செய்யலாம். இரும்புத் தூசி என்பதால் காந்தத்தாலும் வாரலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பிப் பெருக்குகிறவரின் மூக்குக்குத்தான் போகும். எட்டு மணி நேரம் அங்கேயே நிற்கும் நடைமேடை ஊழியரும் இரவுத் துப்புரவுத் தொழிலாளியும் நம்மைவிடப் பல மடங்கு சுவாசிக்கிறார்கள். அவர்களுக்குப் பொருத்திப் பார்த்துத் தந்த நல்ல மாஸ்க் கிடைக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நிர்வாகம் "வரம்புக்குள் இருக்கிறது" என்று பதில் சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள். பிரிட்டனில் வேலையிடத்தில் மூச்சோடு உள்ளே போகும் நுண்தூசிக்கு எட்டு மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். அது உடல்தகுதியுள்ள தொழிலாளிக்குப் போட்ட கணக்கு. கைக்குழந்தைக்கோ, வீசிங் உள்ள பெரியவருக்கோ, கர்ப்பிணிக்கோ போட்டதல்ல. அப்புறம், எத்தனை மணி நேரச் சராசரி, எடை போட்ட எண்ணா லேசர் எண்ணா, விசிறி ஓடும்போது எடுத்ததா நிறுத்தியிருக்கும்போது எடுத்ததா, டிக்கெட் கவுண்ட்டர் பக்கத்தில் அளந்ததா, சுரங்க வாயருகே நடைமேடையில் அளந்ததா என்றும் கேளுங்கள்.