எழுத்துப் பயிற்சித் திட்டத்துக்கு நிதி கேட்கப் போகிறீர்களா? மணிக்கணக்கோடு போங்கள்

"மாணவர்களுக்கு எழுதத் தெரிய வேண்டியது மிக அவசியம்" என்று நிதிக்குழு முன் பேச்சைத் தொடங்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவரும் அதை மறுக்கமாட்டார், அதற்காகப் பணமும் தரமாட்டார். பல்கலைக்கழக எழுத்துத் திட்டத்தில் பெரும் செலவு எதுவென்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படிக்கும் நேரம்தான். அந்த நேரத்தை எண்ணாகக் காட்டினால் குழு கவனிக்கும்.

நான் எடுத்துப்போகும் கணக்கு இது. ஓர் ஆசிரியரிடம் 60 மாணவர்கள். செமஸ்டருக்கு ஆளுக்கு 4 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவு, ஒரு திருத்திய படி. படித்துக் குறிப்பு எழுத ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 160 மணி நேரம். 15 வார செமஸ்டரில் வாரத்துக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல். வகுப்பு எடுப்பதும் மாணவரைத் தனியாகச் சந்திப்பதும் இதில் சேரவில்லை. அதே ஆசிரியரிடம் 100 பேரை ஒப்படைத்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஆகும். அப்போது முதலில் கைவிடப்படுவது வரைவைப் படிப்பது. "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்க ஆளில்லாத மாணவருக்கு மதிப்பெண் மட்டும் போய்ச் சேரும். எனக்கு இதைவிட வருத்தம் தரும் விஷயம் இந்தத் தொழிலில் வேறில்லை.

சொந்தக் கணக்கோடு வெளிச்சான்று ஒன்றும் வையுங்கள். அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் அமைப்பான சி.சி.சி.சி., ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் இருந்தால் சிறப்பு, ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் 60 பேருக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அடுத்து, கேட்கும் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஆண்டுதோறும் வரவேண்டியது, ஒருமுறை வந்தால் போதுமானது. இயக்குநர் சம்பளம், ஆசிரியர் பணியிடம், எழுத்து மையத்தில் சக மாணவர்களுக்கு உதவும் வழிகாட்டிகளின் ஊதியம் எல்லாம் முதல் வகை. இவை பல்கலைக்கழகத்தின் நிரந்தர பட்ஜெட்டில்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மூன்றாண்டு நல்கையில், அதாவது வெளி அமைப்பு குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் நிதியில், நியமித்த வழிகாட்டிகளை நல்கை முடிந்ததும் அனுப்பிவிட்டால், அதற்குள் மையத்துக்கு வந்து பழகிய மாணவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். நல்கைக்கு விண்ணப்பிக்கும்போதே, காலம் முடிந்தபின் அந்தச் செலவை எந்தக் கணக்கு ஏற்கும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்கைப் பணத்திலிருந்து பல்கலைக்கழகம் தன் பொது நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நல்கை பொருந்துவது ஆய்வுக்கும், பட்டறைக்கும், புதிய பாடத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கும். சர்வதேச எழுத்து மையங்கள் சங்கம் ஆய்வு நல்கைகள் தருகிறது. நன்கொடையாளர்கள் கட்டுரைப் பரிசை விரும்புவார்கள். முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் மூலதன நிதியாகக் கேட்டால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: பொதுவாக ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம்தான் செலவுக்குக் கிடைக்கும். அதாவது ஆண்டுச் செலவைப்போல் 20 முதல் 25 மடங்கு மூலதனம் தேவை.

வளாகத்துக்குள்ளும் தேடுங்கள். நூலகத்திடம் இடமும் நூலகரின் நேரமும் கிடைக்கலாம். முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வேட்டில் தேங்கி நிற்பது ஆய்வுப் பிரிவுக்குப் பெரிய கவலை. ஆய்வேடு எழுதும் பட்டறைக்கு அந்தப் பிரிவே செலவைப் பகிர முன்வரலாம். பொறியியல், செவிலியர் துறைகளிடம் அவர்கள் மாணவர்கள் எழுதும் அறிக்கைகளை வைத்தே பேசுங்கள்.

பாடப்பொருளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கிய டபிள்யூ.ஏ.சி. கிளியரிங்ஹவுஸ் என்ற இணையதளம், எழுத்துக் கல்வி நூல்களையும் இதழ்களையும் இலவசமாகத் தருகிறது. 2010 முதல் வரும் 'ரைட்டிங் ஸ்பேசஸ்' முதலாண்டு மாணவர்களுக்கான திறந்த பாடநூல் வரிசை. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எழுத்துக்கூடமும், மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருளும் உண்டு. நகலெடுத்துக் கொடுக்கும் முன் உரிமக் குறிப்பைப் படியுங்கள். சிலவற்றுக்கு இணைப்பு மட்டுமே தரலாம். பாடப்பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், வேறு மொழியில் கற்பிப்பவர்கள் சொந்தமாகப் பாடம் எழுத நேரம் ஒதுக்கவேண்டும். அந்த நேரத்தையும் கோரிக்கையில் சேருங்கள்.

எழுத்து மையத்துக்கு முதல் நாளிலிருந்தே பதிவேடு வேண்டும்: யார் வந்தார், எந்தத் துறை, எத்தனையாவது முறை, எந்த நேரத்தில் இடமில்லாமல் திரும்பினார். கடைசி வரியைப் பலர் குறிப்பதில்லை. கூடுதல் வழிகாட்டி கேட்கும்போது அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. வாரம் 10 மணி நேரம் பணிபுரியும் ஒரு வழிகாட்டி, 14 வாரத்தில் மணிக்கு ஒருவராக 140 பேருக்கு இடம் தரமுடியும். திரும்பிப்போனவர் எண்ணிக்கையை இதோடு வைத்தால் எத்தனை பேர் தேவை என்று குழுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

நிதியாண்டு முடியும் தறுவாயில் செலவழியாத பணம் சில துறைகளில் மிஞ்சும். அதைக் கேட்க ஒரு பட்டியல் ஆண்டு முழுவதும் தயாராக இருக்கட்டும்: வழிகாட்டிகளுக்கான பயிற்சி நாள், நாற்காலிகள், ஒலிப்பதிவுக் கருவி, அச்சுப் பிரதிகள். ஒவ்வொன்றுக்கும் விலைப்புள்ளி இணைத்து வையுங்கள். அழைப்பு வந்த அன்றே அனுப்பிவிடலாம்.