பாஸ்வேர்டு மேனேஜர் மாறுகிறீர்களா? ‘இம்போர்ட் முடிந்தது’ என்பதை அப்படியே நம்பாதீர்கள்

பாஸ்வேர்டுகளையெல்லாம் சேமித்து வைக்கும் ஆப்தான் பாஸ்வேர்டு மேனேஜர். பழையதில் எக்ஸ்போர்ட் (கோப்பாக வெளியே எடுப்பது), புதியதில் இம்போர்ட் (அதை உள்ளே ஏற்றுவது), ஐந்து நிமிட வேலை. ‘312 பதிவுகள் சேர்க்கப்பட்டன’ என்று திரையில் வந்ததும் பழைய கணக்கை அழித்துவிடுகிறோம். அந்த எண் வந்து சேர்ந்தவற்றைத்தான் சொல்கிறது. வராமல் போனவை எவை என்று அது சொல்வதே இல்லை. மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு கணக்கில் நுழைய முடியாமல் விழிக்கும்போதுதான் நமக்கே தெரியும்.

எல்லா மேனேஜர்களுக்கும் பொதுவாகப் புரிவது சிஎஸ்வி கோப்பு. ஒரு வரிக்கு ஒரு கணக்கு, நடுநடுவே காற்புள்ளி, அவ்வளவுதான் அது. குரோம் தரும் கோப்பில் பெயர், இணைய முகவரி, பயனர்பெயர், பாஸ்வேர்டு, குறிப்பு என்று ஐந்தே பத்திகள். மற்றவை இன்னும் சில பத்திகள் தரலாம். ஆனால் பதிவோடு இணைத்து வைத்த பாஸ்போர்ட் ஸ்கேனுக்கு எந்தப் பத்தியில் இடம்? இணைப்புகள் எதுவும் சிஎஸ்வியில் ஏறாது. பழைய பாஸ்வேர்டுகளின் வரலாறும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பிட்வார்டன் என்ற மேனேஜரில் உங்கள் தனிப்பட்ட பெட்டகத்தை, அதாவது உங்கள் பதிவுகளின் தொகுப்பை, எக்ஸ்போர்ட் செய்தால், குடும்பத்தோடோ அலுவலகத்தோடோ பகிர்ந்துகொள்ளும் பதிவுகள் அதில் இருக்காது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். கிளம்பும் முன் பழைய மேனேஜரில் இணைப்பு உள்ள பதிவுகளையும் பகிர்ந்த பதிவுகளையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகையோ முகமோ காட்டி நுழைய உதவும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயின் விஷயம் தனி. பாஸ்கீ சிஎஸ்வியில் வரவே வராது. ஒரு மேனேஜரிலிருந்து இன்னொன்றுக்கு அதைப் பாதுகாப்பாகக் கடத்துவதற்கான வரைவையே, பாஸ்கீக்கான விதிமுறைகளை வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் வெளியிட்டது. ஐபோனின் ஐஓஎஸ் 26-இல் அந்த வசதி இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்து ஆப்களும் அதை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பாஸ்கீயோடு உள்ளே போய், புதிய மேனேஜரில் புதிய பாஸ்கீ ஒன்றை உருவாக்கி, அதைக்கொண்டு ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகே பழையதை நீக்க வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்கு வழியும் இல்லை.

இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்களை மேனேஜரிலேயே வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த எண்களைப் பிறப்பிக்கும் ரகசியச் சாவி சில சமயம் தன் இடத்துக்குப் போகாமல், குறிப்புப் பெட்டியில் நீளமான எழுத்துக் குவியலாக விழுந்து கிடக்கும். சோதிப்பது சுலபம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரே பதிவின் எண்ணைப் பாருங்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் சாவி வந்துவிட்டது. எண்ணே தெரியவில்லை என்றால் வரவில்லை.

இனி நான் செய்த முட்டாள்தனம். ‘இரட்டைப் பதிவுகளைக் கொஞ்சம் களையெடுக்கலாமே’ என்று சிஎஸ்வியை விரிதாளில் திறந்து, நாலைந்து வரிகளை நீக்கி, சேமித்து, இம்போர்ட் செய்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. சில வாரம் கழித்து ஒரு பெட்டியின் பின் எண்ணைத் தேடினால் 472 என்று மூன்றே இலக்கம். முன்னால் 0 இருந்தது எனக்கு நினைவுக்கு வரவே ஒரு மணி நேரம் ஆனது. விரிதாளுக்கு அது பாஸ்வேர்டு என்று தெரியாது. எண்ணாகப் படித்து, முன்னால் உள்ள சுழியத்தை வீண் என்று தள்ளிவிடுகிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். ‘=’ குறியில் தொடங்கும் பாஸ்வேர்டைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். கோப்பு எழுத்துகளைச் சேமிக்கும் முறை மாறிப்போனால் தமிழில் எழுதிய குறிப்புகள் கேள்விக்குறிகளாகிவிடும். களையெடுப்பதைப் பழைய மேனேஜருக்குள்ளேயே முடித்துவிடுங்கள். கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் நோட்பேடு போன்ற எளிய எழுத்துக் கருவி போதும். இரண்டு முறை இம்போர்ட் செய்தால் பல மேனேஜர்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கோப்பே ஓர் ஆபத்து. பூட்டு எதுவும் இல்லாமல் உங்கள் மொத்த வாழ்க்கையும் அதில் படிக்கும்படி கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் சேமித்தால் ஒன்டிரைவோ ஐகிளவுடோ அதைத் தானாக மேகத்துக்கு, அதாவது தன் இணையச் சேமிப்பிடத்துக்கு, ஏற்றிவிடலாம். நீங்கள் கணினியில் அழித்த பின்பும் மேகத்தின் குப்பைத்தொட்டியில் பல நாள் உட்கார்ந்திருக்கும். தனக்குத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது அதைவிட மோசம். மேகத்தோடு ஒத்திசையாத ஒரு ஃபோல்டரில் சேமித்து, உடனே இம்போர்ட் செய்து, அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். எஸ்எஸ்டி வட்டில் ‘அழி’ என்றால் தடயமில்லாமல் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே பிட்லாக்கர் (விண்டோஸ்), ஃபைல்வால்ட் (மேக்) போன்ற முழு வட்டுக் குறியாக்கம், அதாவது வட்டில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் வசதி, இயங்குகிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

‘குறியாக்கம் செய்த எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டேன், பயமில்லை’ என்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. பிட்வார்டனில் அப்படிப்பட்ட எக்ஸ்போர்ட் இரண்டு வகை. ஒன்றுக்கு நீங்களே ஒரு பாஸ்வேர்டு தரலாம். மற்றொன்று உங்கள் கணக்கோடு கட்டுண்டது. அந்தக் கணக்கை அழித்துவிட்டால் இரண்டாவது வகைக் கோப்பை யாராலும் திறக்க முடியாது, உங்களாலும்தான்.

புதிய மேனேஜருக்கே இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு, அதன் எண்ணை அந்த மேனேஜருக்குள்ளேயே வைப்பவர்கள் உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதை. மேனேஜரையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டையும், அந்த எண் கிடைக்காதபோது உதவும் மீட்புக் குறியீட்டையும் தாளில் எழுதி வையுங்கள்.

உங்கள் மேனேஜரை மூடப்போவதாக அறிவித்தால், கடைசி நாள்வரை தள்ளிப்போடுவதும் தவறுதான். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் 2025 ஆகஸ்டோடு பாஸ்வேர்டு சேமிக்கும் பகுதியை மூடியது. டிராப்பாக்ஸ் பாஸ்வேர்ட்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் நின்றது. இரண்டும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மூடின.

மாறி முடித்த பிறகு பிரவுசரின் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் புதிய கணக்குகள் பாதி அங்கே, பாதி இங்கே என்று சிதறும்.

பழைய நிறுவனத்தில் கசிவு நடந்ததால்தான் மாறுகிறீர்கள் என்றால், மாறுவது மட்டும் போதாது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரின் வாடிக்கையாளர்களுடைய பெட்டகப் பிரதிகளைத் திருடர்கள் எடுத்துச் சென்றார்கள். பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன, தள முகவரிகள் இருக்கவில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால், அந்தப் பிரதியை வைத்து நிதானமாக ஊகித்துக்கொண்டே இருக்கலாம். நீங்கள் இடம் மாறினாலும் அந்தப் பிரதிக்குள் இருப்பது இன்றைய அதே பாஸ்வேர்டுகள். ஆகவே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. பழைய கணக்கை ஒரு மாதமாவது திறந்தே வைத்திருந்து, அன்றாடம் பயன்படுத்தும் தளங்களில் எல்லாம் புதியதிலிருந்து நுழைந்து பார்த்துவிட்டு, அதன் வலைத்தளத்துக்குப் போய்க் கணக்கையே நீக்குங்கள். போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டால் கணக்கு போய்விடாது.