வீட்டிலேயே தேன் தேறல் (தேனிலிருந்து செய்யும் மது) தயாரிக்கும் முறை
ஒரு கிலோ தேனை இளஞ்சூடான நீரில் கரைத்து, மொத்த அளவு 4 லிட்டர் வரும்வரை குளோரின் இல்லாத நீரைச் சேர்த்தால், நொதித்தல் முழுமையாக முடிந்தபின் ஏறத்தாழ 10 சதவீத ஆல்கஹால் கொண்ட, இனிப்பற்ற தேறல் கிடைக்கும். தேறல் படும் ஒவ்வொரு கலனையும் முதலில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். தேனில் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால், 5 கிராம் ஒயின் ஈஸ்ட்டுடன் அதற்குரிய ஊட்டச்சத்தையும் சேர்ப்பது அவசியம் என்றே கருதுகிறேன். அதைத் தவிர்த்தால் நொதித்தல் பாதியில் நின்று, அழுகிய முட்டை நாற்றமும் எழக்கூடும். வாயு வெளியேறும் ஒருவழி மூடியிட்டு, 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் வைத்து, சுமார் ஒரு மாதத்தில் வண்டலைத் தவிர்த்து வேறு கலனுக்கு மாற்றுங்கள். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் அளவு இரண்டு வாரம் மாறாதிருந்தால் மட்டுமே பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கலாம். ஆறு மாதம் முதிர்ந்த பிறகே காரம் தணிந்து தேனின் மணம் மேலெழும்.