சுவிட்சர்லாந்துக்குப் புளிக்காய்ச்சல் எடுத்துப்போவது எப்படி? (ஒழுகாமல்)

கிரிண்டல்வால்டில் வாடகை வீட்டுக் கதவைத் திறந்து, பெட்டியையும் திறந்தேன். மகனின் சிவப்பு ஸ்வெட்டர் மேல் புளிக்காய்ச்சல். ஸ்வெட்டரில் தொடங்கி, ரயில் பாஸ் வைத்திருந்த காகித உறை வழியாக, என் ஒரே நல்ல சுடிதார் வரைக்கும் நல்லெண்ணெய் நடந்து போயிருந்தது. கூடம் முழுக்கக் கோயில் மடப்பள்ளி வாசனை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "பாட்டிலை நீதானே கட்டினாய்?" என்று மட்டும் கேட்டார்.

அது முதல் பயணம். இரண்டாம் முறையும் அதே ஐந்து பேர், ஒன்பது இரவுகள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. நடுவில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் குறிப்பு. விசா, டிக்கெட், சமையலறை உள்ள வீடு எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அங்கே உணவகத்தில் எளிய சைவத் தட்டு ஒன்றே இருபது பிராங்கைத் தாண்டும், ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கும் மேல். ஐந்து பேருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

படி 1: எதையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிடுவது

பால் பொருட்கள், இறைச்சி இரண்டும் இந்தியாவிலிருந்து பயணிகள் கொண்டுவரக் கூடாது. சுவிட்சர்லாந்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதுதான் விதி. நெய்யும் பால் பொருள்தான். பால்கோவா, திரட்டுப்பால் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்புமா மிக்ஸுக்கு ரவையை நெய்யில் வறுக்கிற பழக்கம் இருந்தால், இந்த ஒரு முறை எண்ணெயில் வறுங்கள்.

நெய் இல்லாமல் குழந்தைக்குப் பருப்புச்சாதம் எப்படி என்று கவலைப்பட வேண்டாம். கூப், மிக்ரோஸ் கடைகளில் 'பிராட்புட்டர்' என்று கேளுங்கள். நீரும் பால் திடப்பொருளும் நீக்கிய வெண்ணெய் அது, பெயர்தான் வேறு. மணம் போதாது என்றால் சாதாரண வெண்ணெய் வாங்கிப் பதினைந்து நிமிடம் உருக்குங்கள். சுவிஸ் வெண்ணெயில் உருக்கிய நெய்யைச் சாப்பிட்ட பிறகு, ஊர் நெய்யைப் பற்றி அத்தை பெருமை பேசுவது குறைந்திருக்கிறது.

பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி, பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையை மொறுமொறுவென்று வறுத்துப் பொடியோடு சேர்த்து அரைத்துவிடுங்கள்.

துபாய் வழியாகப் போகிறவர்கள் குருமா மசாலாவில் கசகசா போடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். கொப்பரையும் பெட்டியில் கூடாது. எண்ணெய் மிகுந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானப் போக்குவரத்து விதிகள் அதை ஆபத்தான சரக்கில் சேர்த்திருக்கின்றன.

படி 2: எதை எவ்வளவு

அரிசி சுமக்காதீர்கள். அங்கே பாஸ்மதியும் மல்லிகை அரிசியும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. தயிரும் அப்படியே. ஐந்து பேருக்கு, ஒன்பது நாளுக்கு நான் கட்டியது: துவரம்பருப்பு ஒரு கிலோ, வறுத்துத் தாளித்த ரவை ஒன்றரைக் கிலோ, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி ஒவ்வொன்றும் கால் கிலோ, புளிக்காய்ச்சல் நான்கு பை, வத்தக்குழம்பு விழுது இரண்டு பை, தக்காளித் தொக்கு இரண்டு பை, அப்பளம் இரண்டு கட்டு. அப்பளத்தைப் பொரிக்க வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி அலறும். மைக்ரோவேவில் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும்.

படி 3: பையில் அடைப்பது

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் கால் பங்கு வரை குறையும். பாட்டிலுக்குள் சிக்கிய காற்று அதற்கேற்ப விரிந்து, மேலே மிதக்கும் எண்ணெயை மூடியின் மரை வழியாக வெளியே தள்ளும். எவ்வளவு இறுக்கித் திருகினாலும் சரி, பாட்டிலை நம்பாதீர்கள். வெப்பத்தில் ஒட்டும் கெட்டியான பைதான் வேண்டும்.

ஒட்டும் கருவியில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. பாட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி வெறும் பொம்மை. காற்றை உறிஞ்சும் வேக்குவம் இயந்திரமோ எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சி, தானும் கெட்டு நம் பொறுமையையும் கெடுக்கும். தின்பண்டக் கடைகளில் மிக்சர் பாக்கெட் ஒட்ட மேசைமேல் வைத்திருப்பார்களே, எட்டு அங்குல சீலர், அதுதான் சரி.

முதல் முறை ஒத்திகை பார்த்தபோது பன்னிரண்டு பையில் ஏழு பிரிந்தன. கருவியைத் திட்டினேன். குற்றம் கருவியில் இல்லை. கரண்டியால் விழுதைப் போடும்போது பையின் வாயில் எண்ணெய் பட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சாக இருந்தாலும் போதும், பிளாஸ்டிக் ஒட்டாது. ஒட்டியதுபோல் நடிக்கும், விரலால் அழுத்தினால் வாயைத் திறக்கும்.

இப்போது செய்வது இப்படி. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும் வரை சுருளக் காய்ச்சி, இரவு முழுக்க ஆறவிடுகிறேன். சூட்டோடு அடைத்தால் ஆவி நீராகிப் பூசணம் பிடிக்கும். பையின் வாயை, சட்டைக் கையை மடிப்பதுபோல், மூன்று விரற்கடை வெளிப்பக்கம் மடித்துவிடுகிறேன். பையை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, ஒரு வேளைக்கான விழுதை மட்டும் நீண்ட கரண்டியால் அடியில் இறக்குகிறேன். மடிப்பைப் பிரித்து, உட்புறத்தை உலர்ந்த காகிதத்தால் ஒரு முறை துடைக்கிறேன். அடியிலிருந்து மேலாக நீவிக் காற்றை வெளியேற்றுகிறேன். சீலரை அழுத்தி, விளக்கு அணைந்த பிறகும் மூன்று எண்ணும் வரை கையை எடுப்பதில்லை. சூடான பிளாஸ்டிக் இறுக அவ்வளவு நேரம் வேண்டும். அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு.

பிறகு சோதனை. பைகளைச் செய்தித்தாள் மேல் பரப்பி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இல்லை என்றால் பெட்டிக்குப் போகலாம். கைப்பையில் வைக்காதீர்கள், விழுதும் திரவக் கணக்குத்தான், நூறு மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

படி 4: பெயர்ச்சீட்டு

ஒவ்வொரு பையிலும் ஆங்கிலத்தில் என்ன பொருள் என்று எழுதி ஒட்டுங்கள். அரிசிமாவு, ஆப்பசோடா போன்ற வெள்ளைப் பொடிகளைக் கடைப் பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பெருங்காயத்தை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவையும் ஒரு பையில் ஒட்டுங்கள்.

படி 5: அங்கே போன பிறகு

சுவிஸ் பிளக் தனி ஜாதி. கடையில் 'ஐரோப்பா' என்று விற்கும் தடித்த இரட்டை முள் அடாப்டர் அங்குள்ள துளைக்குள் நுழையாது. ஜே வகை என்று கேட்டு வாங்குங்கள். மின்னழுத்தம் நம்முடையதே, 230 வோல்ட்.

குக்கரின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இன்டக்ஷன் அடுப்பில் அது வெறும் பாத்திர அலங்காரம். முதல் பயணத்தில் அலுமினியக் குக்கரோடு போய் நின்றேன். அடுப்பு ஏதோ ஒரு குறியைக் கண்சிமிட்டிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டேன். கிரிண்டல்வால்ட் 1034 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்தும் துவரம்பருப்பு பல்லில் நின்றது. எவர்சில்வரில் இன்டக்ஷன் அடியுள்ள இரண்டு லிட்டர் குக்கர் எடுத்துப்போங்கள், அல்லது அங்கேயே மைசூர்ப் பருப்பு வாங்குங்கள். கால் மணியில் வெந்துவிடும்.

சனிக்கிழமை மாலை போய்ச் சேர்கிறவர்கள் கவனிக்க: ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கதி. முதல் இரவுக்கும் மறுநாளுக்கும் ரவை மிக்ஸ் மேலாகவே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், குழாய் நீரே குடிக்க அருமை.

பிற்சேர்க்கை

இதே பட்டியலை ஆஸ்திரேலியாவுக்குப் பயன்படுத்தலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. அங்கும் நியூசிலாந்திலும் கொண்டுபோகும் உணவு அத்தனையையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் நியூசிலாந்தில் நின்ற இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

கைக்குழந்தையோடு போகும் ஒரு வாசகி பால்பவுடர் பற்றிக் கேட்டிருந்தார். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, குளிர்சாதனம் தேவைப்படாத, பிரிக்காத நிறுவனப் பாக்கெட் என்றால் குழந்தைக்கான பால்பவுடர் இரண்டு கிலோ வரை கொண்டுபோகலாம்.

"காற்றை வெளியேற்றாவிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று இன்னொருவர். 3454 மீட்டர் உயரத்தில் ஜங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்தில் இறங்கி, மகள் அவசரமாக ஒட்டிய இட்லிப்பொடிப் பையைக் கைப்பையிலிருந்து எடுத்தபோது, அது குட்டித் தலையணையாக உப்பியிருந்தது. அத்தை அதை ஊக்கால் குத்தப்போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே இறங்கும் ரயிலில் அது தானாகவே பழைய உருவத்துக்குச் சப்பிப்போனது. இரட்டைக் கோடு விட்டுக்கொடுக்கவில்லை.