வாய்ப்பாட்டில் மிஞ்சுவது ஆறே கணக்கு

குடியாத்தத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள். தறி ஓட்டும் வீடு, பீடி சுற்றும் வீடு, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வீடு என்று கலந்துதான் வருவார்கள். சேர்த்துவிட வரும் அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே குறை: "வூட்ல கடகடன்னு ஒப்பிக்கிறான் டீச்சர், ஸ்கூல்ல நடுவுல கேட்டா முழிக்கிறான்."

அந்தப் பிள்ளையிடம் "ஏழெட்டு எவ்வளவுப்பா?" என்று கேளுங்கள். உடனே உதடு அசையும். ஒரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று அடியிலிருந்து ஆரம்பித்து எட்டு வரை வந்துதான் விடை சொல்லும். ராகம் போட்டு ஒப்பிப்பது தப்பே இல்லை. எண்கள் முதலில் காதில்தான் ஏறும். ஆனால் எங்கே கேட்டாலும் டக்கென்று விடை வர வேண்டும் என்றால், ஒப்பித்தலோடு நிறுத்தக் கூடாது.

முதலில் பயத்தைக் குறைக்க வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாடு என்றால் 100 கணக்கு. நோட்டின் பின்னட்டையில் அதை மொத்தமாகப் பார்க்கிற பிள்ளை மலைத்துப் போகத்தான் செய்யும். வாசலுக்குக் கூட்டிப் போய்க் கோலமாவில் நேர்ப்புள்ளி வையுங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு புள்ளி. வாசற்படியில் நின்று எண்ணச் சொல்லுங்கள், மூவேழு 21. அப்புறம் பக்கவாட்டில் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று. ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை, அழிக்கவில்லை, அதே 21. இதைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால், மூவேழையும் ஏழுமூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பது நீங்கள் சொல்லாமலே புரியும். 100 கணக்கு 55 ஆகிவிடும்.

அந்த 55-இல் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் கழிந்துவிடும். இவற்றில் எந்தப் பிள்ளையும் அதிகம் திணறுவதில்லை. மீதி 21.

ஒன்பதாம் வாய்ப்பாடு இரண்டு கையிலேயே இருக்கிறது. பத்து விரலையும் முன்னால் விரித்து வைத்து, 9×7 என்றால் இடமிருந்து ஏழாவது விரலை மடக்க வேண்டும். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் 6, வலப்பக்கம் 3. விடை 63. 9×4 என்றால் நாலாவது விரல். இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 6, விடை 36. ஒரு வாரம் விரலை மடக்குவார்கள், பிறகு விரல் தேவைப்படாது. விடையின் இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் 9 வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மாடியில் ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துக் கத்தினால் மற்ற எல்லோரும் அன்றைக்கே 90 வரை சரிபார்த்துவிடுவார்கள்.

மூன்றாம் வாய்ப்பாட்டுக்குக் கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரல்களின் ரேகைகளை எண்ணுங்கள். வீட்டில் பெரியவர்கள் நாள் எண்ணுவது இப்படித்தான். விரலுக்கு 3, ஒரு கைக்கு 12, இரண்டு கைக்கு 24. ஆறாவது விரலில் 18 வந்து நிற்கும். நாலாம் வாய்ப்பாடு இன்னும் எளிது, இரட்டிப்பை இரட்டித்தால் போதும். 4×7 என்றால் 14, 28. 4×8 என்றால் 16, 32.

இவ்வளவும் போக மிஞ்சுவது ஆறே கணக்கு: ஆறாறு, ஆறேழு, ஆறெட்டு, ஏழேழு, ஏழெட்டு, எட்டெட்டு. என் அனுபவத்தில் பிள்ளைகள் முழிப்பது இந்த ஆறில்தான். அதனால் நேரத்தை இங்கேதான் செலவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்துவிடுவேன்.

ஆறாறு 36: 2007 டி20 உலகக் கோப்பையில் யுவராஜ் சிங் ஒரே ஓவரில் அடித்த ஆறு சிக்ஸர். இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த பிறகு எந்தப் பையனும் மறந்ததில்லை. ஆறேழு 42-க்கும் கிரிக்கெட்தான். ஓவருக்கு ஆறு பந்து, ஏழு ஓவர் முடிந்தால் எத்தனை பந்து? ஆறெட்டு நாற்பத்தெட்டு என்பது சொல்லும்போதே ஓசையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாராவது சித்த மருந்து சாப்பிட்டால் ஒரு மண்டலம் 48 நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழேழு 49, அரைசதத்துக்கு ஒரு ரன் இருக்கும்போது அவுட். ஏழெட்டுக்கு 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதிக் காட்டுங்கள்: 56 = 7×8. பாட்டி கதைகளில் சுயம்வரத்துக்கு வருகிற ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் உதவிக்கு வருவார்கள். எட்டெட்டு 64, சதுரங்கப் பலகை. பலகையைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் பல்லாங்குழியை விடச் சிறந்த சாமான் எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் ஏழு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டு ஆடுவது வழக்கம். நான் ஆட்டத்தைத் தொடங்கும் முன், "இன்னைக்கு குழிக்கு ஆறு. உன் பக்கத்துக்கு எத்தனை கொட்டை வேணும்? எண்ணாம சொல்லி வாங்கிக்கோ" என்பேன். 42 என்று சரியாகச் சொன்னால் ஆடலாம். 40 என்று சொல்லி வாங்கினால் கடைசிக் குழியில் இரண்டு குறையும். தப்பை நான் சொல்ல வேண்டியதில்லை, குழியே சொல்லிவிடும். அடுத்த நாள் குழிக்கு எட்டு. பலகை இல்லாத வீட்டில் தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போட்டால் போதும்.

எட்டாம் வாய்ப்பாட்டை ரயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காட்பாடியில் ஸ்லீப்பர் பெட்டி ஏறும்போது கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் எட்டு படுக்கை, அதில் கடைசி எண் சைடு அப்பர். அதனால் சைடு அப்பர் எண்களை மட்டும் படித்துக்கொண்டே நடந்தால் 8, 16, 24, 32 என்று எட்டாம் வாய்ப்பாடு போகும். ஊருக்குப் போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து வாருங்கள். பிறகு உட்கார்ந்துகொண்டு, "ஆறாவது தடுப்பில் சைடு அப்பர் என்ன நம்பர்?" என்று கேளுங்கள். விடையைப் போய்ப் பார்த்து வர அவர்களுக்கே ஆசை வரும்.

தினமும் ஆட ஓர் ஆட்டம் வேண்டுமே. இரண்டு லூடோ பகடையை எடுத்து, ஆறு முகத்திலும் காகிதம் ஒட்டி 3, 4, 6, 7, 8, 9 என்று எழுதுங்கள். இரண்டையும் உருட்டி, விழுந்த எண்களைப் பெருக்கி முதலில் சொன்னவருக்கு ஒரு புளியங்கொட்டை. கடினமான 21 கணக்கும் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும், எளிதானது ஒன்றுகூட விழாது. அண்ணன் தம்பி சேர்ந்து ஆடினால் பெரியவன் ஐந்து வரை மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் சின்னவன் இரண்டாம் நாளே எழுந்து போய்விடுவான்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டாக வெட்டி, முன்னால் கணக்கு, பின்னால் விடை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று காலி டப்பா வேண்டும். எல்லாச் சீட்டும் முதல் டப்பாவில் தொடங்கும், அதைத் தினமும் கேட்க வேண்டும். யோசிக்காமல் சொன்ன சீட்டு இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டால் போதும். அங்கேயும் சரியாக வந்தால் மூன்றாவது டப்பா, வாரம் ஒரு முறை. தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் டப்பா. பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஒரே நாளில் மூன்று புதுச் சீட்டுக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம். கொஞ்சம் பழகியதும் சீட்டைத் திருப்பிப் பிடியுங்கள்: "56. யாரும் யாரும்?" இதற்கு விடை சொல்லத் தெரிந்தால் நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்கு பாதி முடிந்த மாதிரி.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது, "மாமாவுக்கு பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லிக் காட்டு" என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள். தெரிந்த விடையும் அந்த நேரத்தில் தொண்டையில் நின்றுவிடும், அடுத்த நாளும் அந்தக் கூச்சம் கூடவே வரும். தப்புச் சொன்னால் கொட்டுவது, முட்டி போட வைப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது எதுவும் வேண்டாம். நீங்களே விடையைச் சொல்லிவிட்டு, இரண்டு கணக்கு தள்ளி அதையே மறுபடி கேளுங்கள். இப்போது அது சரியாகச் சொல்லும். அன்றைய ஆட்டத்தை அந்தச் சரியான விடையோடு முடியுங்கள்.

பத்துக்கு மேல் போகும்போது புதிதாக மனப்பாடம் எதுவும் தேவையில்லை. 12×7 என்றால் பத்தேழு 70, ஈரேழு 14, சேர்த்து 84. 15-க்குப் பத்து மடங்கையும் அதில் பாதியையும் கூட்ட வேண்டும்: 15×8 என்றால் 80, 40, ஆக 120. 16-ஆம் வாய்ப்பாடு எட்டாம் வாய்ப்பாட்டின் இரட்டிப்பு.

25-ஆம் வாய்ப்பாடு எங்கள் ஊரில் பல வீட்டு முறத்திலேயே இருக்கிறது. கட்டுக்கு 25 பீடி, நாலு கட்டு 100, நாற்பது கட்டு 1000. பிள்ளை இலையையும் தூளையும் தொட வேண்டாம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கணக்கை மட்டும் சொல்லட்டும். அம்மா கட்டிக்கொண்டே கேட்கலாம்: "ஏழு கட்டு எத்தனைடா?" நாலு கட்டு 100, மூணு கட்டு 75, ஆக 175.