பழகாத குதிரைக்குப் பக்கவாட்டு நடை: தரையில் நின்றே சொல்லிக்கொடுக்கலாம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்புக்குச் செவலை என்ற பெண்குதிரை வந்து சேர்ந்தபோது அவளுக்கு நான்கு வயது. முன்னால் போவாள், நிறுத்தினால் நிற்பாள், அவ்வளவுதான் தெரியும். ஒருநாள் தெருவில் பிடித்துக்கொண்டு போகையில் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. ஒதுங்கத் தெரியாமல் பின்பக்கத்தை அப்படியே சாலைக்குள் வீசிவிட்டாள். ஓட்டுநர் சுதாரித்து பிரேக் போட்டதால் தப்பித்தோம். இரண்டடி பக்கவாட்டில் நகரத் தெரிந்திருந்தால் அந்தப் பயமே இல்லை. நம் பக்கத்தில் பந்தயத்துக்குப் பழக்கும் குதிரைகளுக்கும் பெரும்பாலும் நேராக ஓடுவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஏறி உட்காருவதற்கு முன்பே, தரையில் நின்றபடி இதைப் பழக்கிவிடலாம். மூன்று வயது நிரம்பாத குட்டி என்றால் கொஞ்சம் பொறுங்கள். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் குறுகிய வட்டத்தில் சுற்றவைத்தால் மூட்டுக்குக் கேடு.

தேவையானவை அதிகமில்லை. வாயில் இரும்பு இல்லாமல் தலையில் மட்டும் மாட்டும் ஹால்டர், 12 அடிக் கயிறு, 4 அடி நீளத்தில் ஒரு வழவழப்பான குச்சி, கையுறை, மூடிய செருப்பு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிற்றோடு குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். நம் செம்மண்ணில் சரளைக்கல் அதிகம், குளம்படியில் குத்தும். அதனால் முதலில் தரையைக் கூட்டிக் கல் பொறுக்கிவிடுங்கள். நேரம் காலை ஆறு மணி, பயிற்சி 15 நிமிடம். வெயில் ஏறியபின் குதிரைக்கும் பொறுமை இருக்காது, நமக்கும் இருக்காது.

முதல் இரண்டு நாள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குச்சியால் கழுத்து, முதுகு, விலா, தொடை என்று மெதுவாகத் தடவிக்கொடுங்கள். குச்சி வலிக்காது என்று அது நம்ப வேண்டும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. ஆகவே எப்போதும் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே வாருங்கள்.

முதல் படி: பின்பக்கத்தை நகர்த்துவது

இதில்தான் அதிக நாள் செலவழிக்கச் சொல்வேன், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

குதிரையின் இடது தோளருகே, அதன் உடம்பைப் பார்த்தபடி நில்லுங்கள். கயிறு இடது கையில், ஹால்டரிலிருந்து ஒன்றரை அடி விட்டு. குச்சி வலது கையில். மூக்கை உங்கள் பக்கம் லேசாகத் திருப்புங்கள், இழுக்க வேண்டாம். இப்போது அதன் இடுப்பை உற்றுப் பாருங்கள். நகரவில்லையா? குச்சியை இடுப்புக்கு நேராக நீட்டுங்கள். அப்புறமும் இல்லையென்றால் காற்றில் ஆட்டுங்கள். கடைசியாகத்தான் தொட வேண்டும்: டொக், டொக் என்று ஒரே சீராக, ஈ உட்கார்ந்தது போல லேசாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மூன்று விநாடி கொடுங்கள்.

எடையை மறுபக்கம் மாற்றினாலே போதும், உடனே குச்சியை இறக்கிவிட்டு ஓரடி பின்வாங்குங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். குதிரை விஷயத்தில் அந்தப் பழமொழியை மறந்துவிடலாம். தட்டியது நின்ற கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைத்தான் அது மனதில் வைத்துக்கொள்ளும். செவலை சரியாக நகர்ந்த பிறகும் முதல் வாரம் முழுக்க நான் தட்டிக்கொண்டே இருந்தேன். நகர்ந்தாலும் தட்டு, நகராவிட்டாலும் தட்டு என்றால் அவள் என்னதான் செய்வாள்? காதைப் பின்னால் மடித்து, வாலைச் சுழற்றி, கடைசியில் கால் ஓங்கினாள். தப்பு முழுக்க என்னுடையது.

சரியாக நகரும்போது பக்கத்தில் இருக்கும் பின்கால், மறு காலுக்கு முன்புறமாகக் குறுக்கே போகும். முன்கால்கள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே சிறு வட்டம் போடும். இறுக்கம் தளர்ந்ததும் தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வாயை மெல்லும். அதை முடிக்க விட்டு, அரை நிமிடம் சும்மா நின்றபின் அடுத்ததைக் கேளுங்கள்.

இடப்பக்கம் வந்துவிட்டால் வலப்பக்கமும் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். அங்கே எல்லாவற்றையும் புதிதாகவே ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாம் படி: முன்பக்கத்தை நகர்த்துவது

இது கடினம். நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. எனவே முதலில் ஓரடி பின்னால் போகச் சொல்லி எடையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு கழுத்தருகே நின்று, ஒரு கையைக் கன்னத்துக்கு நேராகவும் குச்சியின் பிடியைத் தோளுக்கு நேராகவும் காட்டி, அதை நோக்கி நிமிர்ந்து நடங்கள். பக்கத்து முன்கால் மறு காலுக்கு முன்னால் குறுக்கே வந்தால் சரி. முன்னால் நடந்து தப்பிக்கப் பார்த்தால் திரும்பவும் ஓரடி பின்னுக்கு அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள்.

மூன்றாம் படி: சுவரைப் பார்த்து நிறுத்தி

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நம் ஊர் வீடுகள் நீண்டு கிடக்கின்றன அல்லவா, அந்தப் பக்கச் சுவர் மாதிரி ஒரு நீளமான சுவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வண்டி வராத இடமாக இருக்க வேண்டும். குதிரையின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நீளம் விட்டு, சுவரைப் பார்த்தபடி நிறுத்துங்கள். முன்னால் போக வழியில்லை. இப்போது தோளை ஓரடி நகர்த்துங்கள், பிறகு இடுப்பை ஓரடி. தோள், இடுப்பு, தோள், இடுப்பு. சில நாளில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அதன்பின் குச்சியை விலாவுக்கு நேராக மட்டும் காட்டினால் போதும், மொத்த உடம்பும் பக்கவாட்டில் போகும். நீங்கள் சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதற்கும் பின்னால் திறந்த வெளி இருக்கட்டும், அடைபட்டதாக நினைத்தால் பயந்துவிடும்.

நான்காம் படி: நடந்துகொண்டே

இது ஷோல்டர்-இன் எனப்படும் நடை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா கெரினியேர் என்ற குதிரையேற்ற ஆசான் வளர்த்தெடுத்தது. சுவரை ஒட்டி நடத்திக்கொண்டே, தோளை மட்டும் சுவரிலிருந்து உள்பக்கம் கொண்டுவர வேண்டும். சாய்வு சுமார் 30 பாகை.

சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. முந்தின நாள் மாலை செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, வாரியலால் கூட்டி வைத்துவிடுவேன். காலையில் நடத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குளம்புத் தடம் மூன்று வரிசையாக இருக்க வேண்டும்: உள் முன்கால் ஒரு வரிசை, வெளி முன்காலும் உள் பின்காலும் சேர்ந்து ஒரு வரிசை, வெளி பின்கால் ஒரு வரிசை. இரண்டே வரிசை என்றால் குதிரை நேராகத்தான் நடந்திருக்கிறது, கழுத்தை மட்டும் வளைத்து நம்மை ஏமாற்றியிருக்கிறது. நான்கு என்றால் சாய்வு கூடிவிட்டது. செவலை முதன்முதலில் மூன்று வரிசை போட்ட அன்று அந்தத் தடத்தை அழிக்க மனமில்லாமல் மதியம்வரை ஆடுகளைத் தோப்புக்குள் விடவில்லை. முதல்நாள் நான்கைந்து அடி வந்தாலே நிறுத்திவிட்டுக் கொள்ளு வையுங்கள்.

ஒரு பக்கம் நன்றாக வந்து, மறுபக்கம் மட்டும் பல நாளாக மறுத்தால் பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். குளம்பைத் தூக்கிக் கல் மாட்டியிருக்கிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் மூட்டையும் முதுகையும் காட்டிவிட்டு அப்புறம் தொடருங்கள்.

இவ்வளவும் வந்துவிட்டால் சேணம் போடலாம். விலாவில் குச்சி காட்டிய அதே இடத்தில்தான் இனி உங்கள் கால் தொடப்போகிறது. முதல் சில நாள் நீங்கள் மேலிருந்து காலால் கேட்கும்போது, குதிரைக்குப் பழகிய ஒருவர் கீழே குச்சியோடு கூடவே நடக்கட்டும்.