பழைய எம்டிபி (மவுன்டன் பைக்) சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்: ஸ்பேனர் எடுக்கும் முன் எண்ணெயைப் பாருங்கள்

இரண்டு மழைக்காலம், வருடம் முழுக்கக் கடற்காற்று. குமரி மாவட்டத்தில் சில வருடம் ஓட்டாமல் நிறுத்திய எம்டிபியில் முதலில் படுத்துக்கொள்வது பிரேக்தான். முட்டம், குளச்சல், புத்தளம் உப்பளப் பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம். அதற்காக உடனே புது செட் வாங்க வேண்டாம். லீவரைப் பிடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரை வந்து, நாலைந்து முறை அடித்தால் இறுகுகிறதா? உள்ளே ஏர். அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிஷம் வைத்தால் மெல்ல இறங்குகிறதா? கசிவு. வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பெரும்பாலும் லீவருக்குள் இருக்கும் சீல் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும். லீவர் நன்றாக இறுகியும் வண்டி நிற்காமல் கீச்சென்று கத்தினால் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) எண்ணெய் பட்டிருக்கிறது. ஒரு பக்கப் பேடு மட்டும் உரசிக்கொண்டே இருந்தால் கேலிப்பர் (சக்கரத்தருகே பேடுகள் இருக்கும் பகுதி) கோணலாக இருக்கலாம், அதற்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் ஒட்டியிருக்கலாம்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் அதிகம் பிரேக் பாழாகிறது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகள் எல்லாம் மினரல் ஆயில். பழைய ஆவிட், ஹேய்ஸ், ஹோப் போன்றவை டாட் ஆயில். டூவீலர் ஸ்பேர் கடையில் பிரேக் ஆயில் கேட்டால் கிடைப்பது டாட் 3 அல்லது டாட் 4. ஆவிட்டுக்கு டாட் 4 சரி. ஷிமானோவில் அதை ஊற்றினால் சீல் ஊதி, லீவர் திரும்பாமல் நிற்கும். அதன் பிறகு பிளீடிங் (ஏர் எடுப்பது) செய்து பயனில்லை. லீவர் மூடியிலேயே எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால், உள்ளிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மேலே மிதந்தால் மினரல், கலந்து கரைந்தால் டாட். ஆனால் இது இப்போது உள்ளே இருக்கும் எண்ணெயைத்தான் காட்டும்; ஏற்கெனவே யாரோ மாற்றி ஊற்றியிருக்கலாம் என்பதால் பிராண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் எதற்கும் ஆகாது. காலைக் குளிரிலேயே உறையத் தொடங்கும். டாட் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஒட்டிய பிஸ்டனுக்கு: சக்கரத்தையும் பேடையும் கழற்றி, லீவரை மெதுவாக அழுத்தி பிஸ்டனை 2, 3 மி.மீ. மட்டும் வெளியே வர விடுங்கள். அதற்கு மேல் போனால் கழன்று விழும். சுற்றிலும் உப்பும் செம்மண்ணும் கலந்து பழுப்பாக ஒரு வளையம் தெரியும். அந்த பிரேக்குக்கு உரிய எண்ணெயில் நனைத்த பட்ஸால் துடைத்து, பிளாஸ்டிக் டயர் லீவரால் உள்ளே தள்ளுங்கள். நன்றாக ஓடும் பிஸ்டனை டயர் லீவரால் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஒட்டியது நகரும். ஐந்தாறு முறை இப்படிச் செய்ய வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பல ஷிமானோ பிஸ்டன் செராமிக், விளிம்பு உடையும்.

பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் கேஸ் அடுப்பில் சுடுவது, உப்புத்தாளில் தேய்ப்பது எல்லாம் வீண் வேலை. புதிது போடுங்கள். உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சானிடைசரில் கிளிசரின் இருக்கும், கூடாது. வெர்னியரில் பாருங்கள்: ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ., 1.5 வந்தால் கழிவு. கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டச் சேற்றில் மெட்டல் பேடு அதிக நாள் உழைக்கும். டிஸ்க்கில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்தால் அதற்கு மெட்டல் போடக் கூடாது.

இனி ஏர் எடுப்பது. ஷிமானோ மாதிரிக்கு வேண்டியவை: மினரல் ஆயில் 100 மி.லி., 7 மி.மீ. ரிங் ஸ்பேனர், சிரிஞ்சு, மீன்தொட்டி ஏர் ட்யூப், அதை நிப்பிளில் (கேலிப்பரில் எண்ணெய் போக வரத் திறக்கும் திருகு) கட்ட ஒரு ஜிப் டை. மருந்துக்கடை சிரிஞ்சின் ரப்பர் எண்ணெயில் ஊதும், ஒரு தடவைக்கு மட்டும் ஓடும். பேடை எடுத்துவிட்டு, பிஸ்டன்களுக்கு நடுவே பிளீட் பிளாக்கை (பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் கட்டை) வையுங்கள். லீவர் தரைக்கு இணையாக இருக்கட்டும். பழைய மாடலில் மேல்மூடியின் இரண்டு சிறு ஸ்க்ரூவைக் கழற்றி ரப்பரையும் எடுங்கள். புதியதில் பிளீட் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் புனல். சிரிஞ்சைத் தட்டிக் குமிழி போக்கி, நிப்பிளை எட்டில் ஒரு சுற்று திறந்து, மெதுவாக மேலே தள்ளுங்கள். அவசரப்பட்டால் குமிழி நுரையாகிப் பிரியாது.

குமிழி நின்றதும் நிப்பிளை மூடி, சிரிஞ்சுக்குப் பதில் ஒரு பாட்டில் மாட்டுங்கள். லீவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளை அரை நொடி திறந்து மூடுங்கள், மூன்று முறை. மேலே எண்ணெய் வற்றக் கூடாது; வற்றினால் முதலிலிருந்து. பிறகு லீவரைக் கொஞ்சம் மேலும் கீழும் சாய்த்து (மூடி திறந்த பழைய மாடலில் எண்ணெய் சிந்தாத அளவுக்குத்தான்), ஹோஸை விரலால் சுண்டுங்கள். ஒளிந்திருக்கும் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி வரும். எண்ணெய் விளிம்பு வழியும்போதே மூடுங்கள், இல்லையேல் அங்கேயே ஏர் மாட்டும். பேடு போடும் முன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பிளீட் பிளாக் உள்ளே இருக்கும்போதே லீவரை முழு பலத்தில் அழுத்திக் கசிகிறதா என்று பாருங்கள். ஆவிட்டுக்கு இரண்டு சிரிஞ்சு முறை. இதே வழி அதற்குச் சரிவராது.

லீவர் சீல் போயிருந்தால்? ஷிமானோ உள் சீல்களைத் தனியாக விற்பதில்லை. லீவரையோ முழு செட்டையோ மாற்றுங்கள். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: கேலிப்பர் மாட்டும் மவுன்ட் ஐஎஸ் வகையா போஸ்ட் வகையா, டிஸ்க் 160 மி.மீ.யா 180ஆ, ஹப்பில் டிஸ்க்கைப் பிடிப்பது ஆறு போல்ட்டா சென்டர்லாக்கா (நடுவில் ஒரே வளையம்). பைக் ஓட்டிப் பழகிய கைக்கு வலதுதான் முன் பிரேக். பல செட்டுகள் இடது முன் பிரேக்காக வரும். ஹோஸை வெட்டினால் ஆலிவும் (நட்டுக்குள் நசுங்கிப் பிடிக்கும் சிறு வளையம்) ஹோஸ் முனைக்குள் செருகும் உள் ஊசியும் புதிது வேண்டும். நட்டை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஆலிவ்.

கேலிப்பர் போல்ட் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர், டிஸ்க்கின் டி25 (நட்சத்திரத் தலை) போல்ட் 4. துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பிரே அடிக்கும் முன் சக்கரமும் பேடும் வெளியே இருக்க வேண்டும். கேலிப்பர் போல்ட்டைத் திரும்பப் போடும்போது மரையில் துளி கிரீஸ் தடவினால், உப்புக்காற்றிலும் அடுத்த முறை கழன்று வரும். சக்கரம் கழன்றிருக்கும்போது வீட்டுப் பிள்ளைகள் லீவரை அழுத்தினாலும் பேடுகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளாமல் நடுவே மடித்த அட்டை செருகி வையுங்கள்.

புதுப் பேடு போட்டதும் சமதள ரோட்டில் 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் லாக் ஆகாமல், இருபது முறை குறையுங்கள். முதல் ஐந்தில் பிரேக் பிடிக்காதது போலத்தான் இருக்கும். முடிந்ததும் சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரலும் வைக்காதீர்கள்.